புழுவின் ஆயுளும் வணிகனின் வாக்கும்

சகோதர வணிகர்களே!

ஆயுளை நீட்டும், முதுமையைத் தள்ளிப்போடும் என்று மேலுறையில் அச்சிட்ட குளிகைகளும் தூள்களும் புட்டிகளும் இப்போது மருந்துக் கடைகளில் மட்டுமன்றி, மளிகைக் கடைகளிலும் ஒட்டுக்கடைகளிலுங்கூட இடம் பிடித்துவிட்டன. அவற்றைக் கொண்டுவந்து இறக்குகிற ஏஜெண்டுகள், "இது விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்ட சரக்கு" என்கிறார்கள். எங்கே ஆராய்ந்தார்கள், எதில் ஆராய்ந்தார்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால், சில வேளைகளில் கடைசியாக நாம் போய் நிற்பது ஒரு சின்னஞ்சிறு புழுவின் முன்னால்! புழுவிடம் கண்டதைக் காட்டி மனிதனுக்கு வாக்குக் கொடுக்கலாமா? அவ்வாறு கொடுத்த வாக்கின் மேல் காசு வாங்கலாமா? இந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இது விஞ்ஞானிகள் தீர்க்க வேண்டிய கேள்வியாயிற்றே, கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஆராய்வது அவர்கள் தொழில். விற்பது நம் தொழில். ஆராய்ச்சிக் கூடத்துக்கும் வாடிக்கையாளரின் வீட்டுக்கும் நடுவே இருப்பது நம் கல்லாப்பெட்டி. ஆகவே கேள்வியில் ஒரு பாதி நம்முடையது. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நம் படிப்பு. எனினும் வாசித்தும், படித்த பிள்ளைகளிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

புழுவும் அதைத் தேர்ந்தெடுத்தவரும்

அந்தப் புழுவின் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். நீளம் 1 மில்லிமீட்டர்; ஒரு கடுகின் அகலத்துக்குள் அடங்கிவிடும். மண்ணிலும், அழுகிய பழங்களிலும், மக்கிய தழைகளிலும் வாழ்வது. கிருமிகளே அதன் உணவு. மனிதனுக்கு அதனால் தீங்கு எதுவும் கிடையாது. உடல் கண்ணாடிபோல் இருப்பதால், உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் உள்ளுறுப்புகளைப் பூதக்கண்ணாடி வழியே பார்க்கலாம். முட்டையிடும் பருவத்துப் புழுவின் உடலில், இனவிருத்திக்கான அணுக்கள் நீங்கலாக, 959 உயிரணுக்கள் உண்டு. அவற்றுள் நரம்பணுக்கள் 302. ஆண்டு முடிவில் நாம் இருப்புச் சரக்கை எண்ணிப் பேரேட்டில் ஏற்றுவது போல், ஓர் உயிரின் உடல் முழுவதையும் எண்ணி ஏற்றிவிட்டார்கள்!

இந்தப் புழுவை ஆராய்ச்சிக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுத்தவர் சிட்னி பிரென்னர். 1927-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைத்துப் பிழைத்தவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைக்குப் பின்னால் இருந்த அறைகளே அக்குடும்பத்தின் வீடு. கடையின் பின்கட்டில் படுத்து வளர்ந்தவர்கள் நம்மவரிலும் ஏராளம் அல்லவா? அந்தப் பிள்ளை படித்து இங்கிலாந்துக்குச் சென்று, 1963-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, மிகச் சிறிய ஓர் உயிரை முற்றாகப் படித்துவிட வேண்டும் என்ற திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அப்படித் தொடங்கிய வேலைக்காக 2002-இல் ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய இருவருடனும் நோபெல் பரிசு பெற்றார்.

பிரென்னர் நமக்கு அந்நியரும் அல்லர். சிங்கப்பூரில் 1985-ஆம் ஆண்டில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் ஆராய்ச்சிக் கழகம் உருவாக ஆலோசனை கூறியவர் அவர். 2003-இல் இந்நாட்டின் முதல் கௌரவக் குடிமகன் என்ற சிறப்பைப் பெற்றார். 2019 ஏப்ரல் 5-ஆம் தேதி, தமது 92-ஆம் வயதில், இங்கேயே காலமானார். நம்மவர் கடை வைத்திருக்கும் இதே தீவில்தான் அந்தப் புழுவின் முதல் கணக்குப்பிள்ளை கடைசி மூச்சை விட்டார்.

வரவுப் பக்கம்

முதுமையை ஆராய்கிறவர்க்கு மனிதன் வசதிப்படாத உயிர். மனிதன் 80 ஆண்டு வாழ்கிறான் என்றால், அவனைக் கவனித்துக் கணக்கெழுதுகிறவனும் அவனோடு கிழவனாகிப் போகிறான்! இந்தப் புழுவோ முட்டையிலிருந்து 3 நாளில் முழு வளர்ச்சி பெற்று, 2 அல்லது 3 வாரத்தில் வாழ்ந்து முடித்துவிடுகிறது. அதற்குள் அதுவும் தளர்கிறது, தசை வலுவிழக்கிறது, ஊர்வது குறைகிறது. தட்டில் அசையாமல் கிடக்கும் புழுவை மெல்லிய பிளாட்டினக் கம்பியால் தொட்டுப் பார்ப்பார்கள். அசைந்தால் உயிர் உண்டு. அசையாவிட்டால் அன்றைய தேதியில் இறந்ததாக எழுதிக்கொள்வார்கள். ஒரு மாதத்துக்குள் நூற்றுக்கணக்கான வாழ்வுகளின் கணக்கு முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் வந்த வரவு கொஞ்சமல்ல. 1983-இல் மைக்கேல் கிளாஸ் என்பார், வழக்கத்தைவிட அதிக நாள் வாழும் சில புழுப் பரம்பரைகளைப் பிரித்தெடுத்தார். 1988-இல் டேவிட் ஃப்ரீட்மன், தாமஸ் ஜான்சன் ஆகிய இருவரும், ஒரே ஒரு மரபணு மாறினாலும் புழுவின் ஆயுள் கூடும் என்று காட்டினர். 1993-இல் சின்தியா கென்யன் அம்மையாரும் அவர் குழுவினரும், வேறொரு மரபணு மாறிய புழுக்கள் இரு மடங்குக்கு மேல் வாழ்வதைக் கண்டனர். 1997-இல் கேரி ரவ்கன் குழுவினர் ஆராய்ந்தபோது, அந்த மரபணு, நம் உடலில் இன்சுலினை வாங்கிக்கொள்ளும் அமைப்பை உண்டாக்கும் மரபணுவுக்கு உறவாக இருக்கக் கண்டனர்.

இன்சுலின் என்ற சொல்லை அறியாத வீடு நம்மவரில் அரிது. அந்த இன்சுலினோடு உறவுடைய ஒரு விசை, சின்னஞ்சிறு புழுவின் உடலில் அதன் முதுமைக்குக் காவலிருக்கிறது என்றால், படைப்பின் ஒழுங்கை எண்ணி வியக்காமல் இருக்க முடியுமா? அதுவரை முதுமையென்பது வண்டிச் சக்கரம் தேய்வது போன்றது என்று எண்ணியிருந்த பலரும், அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உடலுக்குள்ளேயே ஏற்பாடு உண்டு போலும் என்று எண்ணத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

ஆகவே, "புழுவைப் பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறார்கள்" என்று ஏளனம் செய்கிறவரோடு நாம் சேரமாட்டோம். ஆனால் வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி எவனாவது கடையை விற்க வந்தால் நாம் வாங்குவோமா? பற்றுப் பக்கத்தையும் புரட்டுவோம்.

பற்றுப் பக்கம்

முதலாவது, சராசரி என்பதன் பொருள். ஒரே பரம்பரையில் வந்த, மரபணுவில் வேற்றுமையில்லாத புழுக்களை ஒரே தட்டில், ஒரே உணவில், ஒரே வெப்பத்தில் வளர்க்கிறார்கள். அப்படியிருந்தும் ஒன்று 10-ஆம் நாளில் மடிகிறது. மற்றொன்று 25-ஆம் நாளிலும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. மருந்து கொடுத்த கூட்டத்திலும் இப்படியே. கூட்டத்தின் சராசரி கூடியது என்று சொல்லலாமே தவிர, இன்ன புழு இத்தனை நாள் வாழும் என்று எந்த விஞ்ஞானியும் எழுதித் தர மாட்டார். நம் கடைக்கு வருகிறவர் சராசரி அல்லர்; பெயரும் முகமும் உள்ள ஒரு தனி மனிதர். ஒரு தனிப் புழுவுக்குக்கூட யாரும் கொடுக்கத் துணியாத வாக்கை, ஒரு தனி மனிதருக்கு நாம் எந்தத் துணிவில் கொடுப்பது?

இரண்டாவது, எடைக்கல். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அரசாங்க உதவியோடு ஒரு வேலையைத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் பக் ஆராய்ச்சிக் கழகம், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், ஓரிகன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே பொருளை ஒரே முறையில் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது. மூன்று இடத்திலும் ஒத்து வந்தால்தான் நம்புவது. தொடக்கத்தில் கணக்குகள் ஒத்து வரவில்லை. ஏன் என்று துருவியபோது, அற்பம் என்று தோன்றும் காரணங்கள் வெளிப்பட்டன. ஓரிடத்தில் புழுவின் வயதை முட்டை பொரித்த நேரத்திலிருந்து எண்ணினார்கள். மற்ற இடத்தில் முட்டை இட்ட நேரத்திலிருந்து எண்ணினார்கள். ஒருவர் புழுவை மெல்ல எடுத்து வைத்தார். மற்றவர் அவ்வளவு மெல்ல வைக்கவில்லை. இவற்றையெல்லாம் ஒன்றுபடுத்தப் பல மாதங்கள் பிடித்தன.

படிக்கல்லுக்கு முத்திரை போட்டு வாங்கிய நமக்கு இது புரியாத செய்தியல்ல. மூன்று கடையில் மூன்று கல் இருந்தால் ஊரில் நியாய விலை என்பதே இல்லாமற் போகும். கல்லைச் சரிசெய்த பிறகு அவர்கள் 10 வகைப் பொருள்களை, மூன்று இனங்களைச் சேர்ந்த 22 புழுப் பரம்பரைகளில் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பரம்பரைக்கு ஆயுள் கூட்டிய பொருள் இன்னொரு பரம்பரைக்குப் பயன்படவில்லை. எல்லாப் பக்கமும் ஒத்து நின்றவை மிகச் சில. ஒரு புழுவுக்குச் செல்லுபடியானது பக்கத்துப் புழுவுக்கே செல்லுபடியாகாத நிலையில், அதை மனிதனுக்குச் செல்லும் காசென்று மாற்றித் தருவது எங்ஙனம்?

மூன்றாவது, நடந்து முடிந்த ஒரு வியாபாரம். சிவப்புத் திராட்சையின் தோலில் ரெஸ்வெரட்ரால் என்றொரு பொருள் இருக்கிறது. அது ஈஸ்ட்டின் ஆயுளைக் கூட்டுகிறதென்று 2003-லும், புழுவுக்கும் ஈக்கும் கூட்டுகிறதென்று 2004-லும் செய்தி வந்தது. உடனே உலகெங்கும் அது குளிகையாகிவிட்டது. மதுப்பிரியர்களுக்கும் நல்லதொரு சாக்குக் கிடைத்தது! அந்த வழியில் மருந்து காணப் புறப்பட்ட சர்ட்ரிஸ் என்ற கம்பெனியை 2008-இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்ற பெரிய மருந்துக் கம்பெனி சுமார் 720 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது.

பிறகு என்ன நடந்தது? அக்கருத்துக்கு அடிப்படையாயிருந்த மரபணுச் சோதனைகளை லண்டன் விஞ்ஞானிகளும் பிறரும் மறுபடி செய்து பார்த்தார்கள். ஒப்பிடும் புழுக்களின் பரம்பரையைச் சரிப்படுத்தியதும், அந்த மரபணுவால் கூடியதாகச் சொன்ன ஆயுள் காணாமற் போயிற்று என்று 2011-இல் எழுதினார்கள். சாதாரண எலிகளுக்கு ரெஸ்வெரட்ராலைக் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் நீளவில்லை. 2013-இல் சர்ட்ரிஸ் கூடம் மூடப்பட்டது. விஞ்ஞானிகள் தங்கள் கணக்கைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். அது அவர்களுக்குப் பெருமை. கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டது. அதற்கு முதல் உண்டு. ஆனால் இடையில் குளிகை வாங்கி விழுங்கியவர்களின் பணத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? பேரேட்டில் அந்த வரி மட்டும் இன்னும் அடிக்கப்படாமல் நிற்கிறது.

முழத்தைச் சொல்லி நூலை மறைப்பது

இனி நான்காவதும் முக்கியமானதுமான செய்திக்கு வருகிறோம். ஒரு மருந்து மெய்யாகவே ஆயுளை நீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

2000-ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. மரபணு மாறி நெடுநாள் வாழும் புழுக்களையும் சாதாரணப் புழுக்களையும் ஒரே தட்டில் கலந்து விட்டார்கள். எப்போதும் வயிறார உணவு கிடைத்தபோது இரண்டும் சமமாகப் பெருகின. பிறகு சில நாள் உணவு, சில நாள் பட்டினி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். அப்போது நெடுநாள் வாழும் வகை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே போயிற்று. வெளியுலகில் உணவும் பட்டினியும் மாறி மாறித்தானே வருகின்றன? நீண்ட ஆயுள் என்பது இனாமாகக் கிடைத்ததல்ல. வேறெங்கோ அதற்கு விலை கொடுக்கப்பட்டிருந்தது.

2015-இல் வேறொரு குழுவினர், நெடுநாள் வாழும் புழுக்கள் அந்தக் கூடுதல் நாள்களை எப்படிக் கழிக்கின்றன என்று கவனித்தார்கள். ஊர்வது, வெப்பத்தைத் தாங்குவது முதலியவற்றை அளந்து பார்த்து, கூடிய நாள்களில் பெரும் பங்கு தளர்ச்சியிலேயே கழிகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் இன்னொரு குழுவினர் வேறு விதமாக அளந்து, அப்படியல்ல, நலமான நாள்களும் சேர்ந்தே கூடுகின்றன என்று மறுத்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: ஆயுளின் நீளம் வேறு, ஆயுளின் நலம் வேறு, இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஜவுளிக்கடைச் சகோதரர்கள் இதை நொடியில் புரிந்துகொள்வார்கள். துணியின் முழத்தைச் சரியாக அளந்து கொடுத்துவிட்டு, நூல் இற்றுப்போயிருப்பதைச் சொல்லாமல் விட்டால், அளவு சரிதானே என்று தப்பித்துக்கொள்ள முடியுமா? சரக்கின் குறையை மறைத்து விற்பது மோசடி என்பதை ஓதிப் படிக்கும் வயதிலேயே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். "ஆயுள் நீளும்" என்று மட்டும் அச்சிட்ட மேலுறை, முழத்தைச் சொல்லி நூலை மறைக்கிறது.

நம்மிடம் வரும் முதியவர்கள் அந்தப் புட்டியை எடுத்துப் பார்ப்பது மவுத்துக்கு அஞ்சியா? பெரும்பாலும் அப்படியில்லை என்றே நாம் எண்ணுகிறோம். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், "படுக்கையில் விழாமல் போய்விட வேண்டும்", "பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது", "ஜும்ஆவுக்கு நடந்து போகிற தெம்பு கடைசி வரை இருக்க வேண்டும்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது நூல். புட்டிக்காரன் விற்பது முழம். அவர்களுக்கு நாள்கள் கூடித் தெம்பு கூடாவிட்டால், எதற்கு அஞ்சினார்களோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகும். கடைக்காரர் இதைத் தெரிந்துகொண்டே விற்றால், அந்த லாபத்தை ஹலாலான காசு என்று மனந்துணிந்து சொல்ல இயலுமா?

மூன்று மறுப்புகள்

இவ்விடத்தில் மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

"ஹயாத்தும் மவுத்தும் எழுதப்பட்டவை. அதை நீட்டுவதைப் பற்றிய ஆராய்ச்சியே தவறல்லவா?" என்பார் ஒருவர். நாம் ஆலிம் அல்லோம். ஃபத்வா கூறவும் வரவில்லை. ஆனால் காய்ச்சலும் எழுதப்பட்டதுதான், அதற்கு மருந்துண்கிறோம். நஸீபில் உள்ளதுதான் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டேதான் இரவில் கடைக்குப் பூட்டும் போடுகிறோம். மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவும் நபிமொழியில் முதுமை ஒன்றுக்கு மட்டும் மருந்தில்லை என்ற கருத்து வந்திருப்பதாகப் பெரியோர் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறோம். புழு ஆராய்ச்சி அதை எங்கும் பொய்யாக்கிவிடவில்லை. இரு மடங்கு வாழ்ந்த புழுவும் முடிவில் தளர்ந்தது. கம்பியால் தொட்டபோது ஒரு நாள் அசையாமல் கிடந்தது. தளர்ச்சியின் வேதனையைக் குறைக்க வழி தேடுவது ஒன்று. முதுமையே வராது என்று விற்பது வேறொன்று. முன்னதை நாம் வரவேற்போம், பின்னதை மறுப்போம்.

"நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்பார் இன்னொருவர். இதே நியாயத்தைக் குறைந்த எடைக்கல்லுக்கும் சொல்லலாமே! பக்கத்துக் கடையில் கல் குறைந்திருக்கிறதென்று நம் கல்லையும் தேய்த்துக்கொள்வோமா? அவர் கல்லுக்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார்.

"தீங்கு செய்யாத பொருள்தானே? நம்பிக்கையாவது கொடுக்கிறதே!" என்பார் மூன்றாமவர். இதுதான் மூன்றிலும் வலுவான மறுப்பு; ஏனெனில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது. ஆயினும் யோசித்துப் பாருங்கள். மாதச் செலவுக்குப் பிள்ளைகள் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு புட்டிக்குப் போகிறது. புட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் டாக்டர் கொடுத்த நீரிழிவுக் குளிகையைத் தவற விடுகிறவரும் உண்டு. நம்பிக்கை என்பது நம் கையிருப்பில் உள்ள சரக்கல்ல, நினைத்தபடி அளந்து போட. வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கை அமானிதம். அதைப் புட்டிக்காரனிடம் அடகு வைக்க நமக்கு உரிமையில்லை.

இது ஒரு பக்கமாக மட்டும் வெட்டும் கத்தியன்று என்பதையும் சொல்லவேண்டும். 2009-இல் கென்யன் குழுவினர், புழுவின் உணவில் 2 விழுக்காடு குளுக்கோஸ் சேர்த்தபோது அதன் ஆயுள் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்ததாக எழுதினார்கள். சீனி கூடாதென்று சொல்ல நமக்கு இது நல்ல சான்றாகத் தோன்றும். ஆனால் நல்ல காரியத்துக்கென்றாலும் புழுவின் கணக்கை மனிதன் கணக்கில் அப்படியே எழுதுவது தவறே. சீனியைக் குறைக்கச் சொல்ல மனிதர்களிடமே கண்ட சான்று வேண்டிய அளவு இருக்கிறது. அதைச் சொன்னால் போதும்.

நேரான வழி எவ்வளவு தூரம்?

அப்படியானால் புழுவிடம் கண்டது மனிதனுக்கு வந்து சேரவே சேராதா? சேரும், வழி நீளம். 1998-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ ஆகிய இருவரும் அவர்தம் குழுவினரும், ஆர்.என்.ஏ. என்ற பொருளின் சிறு துண்டைக் கொண்டு புழுவின் ஒரு மரபணுவை வாய்மூடச் செய்யலாம் என்று கண்டார்கள். 2006-இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த முதல் மருந்து, பரம்பரையாக வரும் அமிலாய்ட் என்னும் கொடிய நோய் ஒன்றுக்கு, 2018-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புழுவிலிருந்து மனிதன் வரை 20 ஆண்டு! நடுவில் எத்தனை எலிகள், எத்தனை சோதனைகள், எத்தனை தோல்விகள், மனமுவந்து தம் உடலைச் சோதனைக்குக் கொடுத்த எத்தனை நோயாளிகள்!

அந்த 20 ஆண்டு வழியை நடந்து வந்தவன் கூலி கேட்டால் அது நியாயம். ஒரு மேலுறையை அச்சடித்து, ஒரே இரவில் அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டேன் என்று சொல்லி அதே கூலியைக் கேட்பவன், நடந்தவர்களின் உழைப்பைத் திருடுகிறான். வாங்குகிறவரின் பணத்தையும் திருடுகிறான். நாம் அறிந்தே அவனுக்குக் கடை இடம் கொடுத்தால், திருட்டுச் சரக்கைப் பதுக்கினவர் நிலைதான் நமக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, இத்தகைய சரக்கை இறக்க வருகிற ஏஜெண்டிடம் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி சகோதர வணிகர்களை வேண்டிக்கொள்கிறோம்.

1. இது எந்த உயிரில் சோதிக்கப்பட்டது? புழுவா, எலியா, மனிதனா?

2. சோதித்தவர் அல்லாத வேறொருவர், வேறோர் இடத்தில், மறுபடியும் சோதித்து ஒத்துக் கண்டாரா?

3. கூடியது ஆயுளின் நீளமா, உடலின் நலமா? இரண்டையும் அளந்தார்களா?

4. மேலுறையில் அச்சிட்ட வாக்கை, கம்பெனியின் பெயரில் கையொப்பமிட்டுத் தருவீர்களா?

முதல் மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் நான்காவதற்கு வரவே வராது. அப்போது சரக்கைத் திருப்பி அனுப்புவோம். நமக்குக் குறைவது ஒரு தட்டின் வருமானம். ஒரு முதியவர் கேட்கும்போது, "இது புழுவில் மட்டும் பார்த்தது, மனிதருக்கு இன்னும் தெரியாது, உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் எந்தக் கடையும் மூடப்பட்டதில்லை. அப்படிச் சொல்கிறவரின் சொல்லுக்கு, தெரிந்ததைச் சொல்லும்போது எடை கூடும்.

அடுத்த தலைமுறைக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் விஞ்ஞானம் படிக்கிறவர்கள் இன்று உண்டு. புழுவையும் ஈயையும் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று அவர்களை ஏசாதிருப்போமாக. செருப்புத் தைத்தவரின் மகன் ஒரு மில்லிமீட்டர் உயிரை மதித்து எண்ணியதால் உலகம் கற்றுக்கொண்டது அதிகம். அவர்கள் எண்ணட்டும், திருத்தட்டும், மறுபடி எண்ணட்டும். கணக்கு முடிந்து, மனிதனுக்கு ஏற்றது என்று முத்திரை விழுந்த நாளில், அந்த மருந்தை நாமே முன்வந்து, நியாய விலைக்கு, தலை நிமிர்ந்து விற்போம். அதுவரை நம் தட்டில் அதற்கு இடமில்லை.

அல்லாஹ் நம் தராசையும் நாவையும் நேராக்கி வைப்பானாக!